ஐந்தேகால் விநாடி ஆழம்

பவானிசாகர் அணையின் நீர்மட்டம் ஈரோட்டுக்காரர்கள் காலையில் செய்தித்தாளைப் பிரித்ததும் தேடும் எண்களில் ஒன்று. உச்ச அளவு 105 அடி. அந்த எண்ணோடு ஒரு சின்னக் குறிப்பும் ஒட்டிக்கொண்டே வரும்: சேறும் சகதியும் 15 அடி நீங்கலாக. நெல்லும் மஞ்சளும் வைத்திருப்பவர் கண் முதல் எண்ணிலேயே நின்றுவிடும், அது நியாயம்தான். எனக்கு அந்தக் குறிப்பின் மேல்தான் ஆர்வம். 1955-இல் கட்டி முடித்த அணைக்குள் பழைய டணாயக்கன் கோட்டையே மூழ்கிக் கிடக்கிறது. நீர் வெகுவாக வற்றும் ஆண்டுகளில் மட்டும் அங்கிருந்த பெருமாள் கோயில் வெளியே தெரியும். மற்ற நாட்களில், அந்தக் கலங்கல் தண்ணீருக்கு அடியில் தரை எங்கே இருக்கிறது, அதன்மேல் எவ்வளவு வண்டல் ஏறியிருக்கிறது என்பதை யாரும் இறங்கிப் பார்க்காமல் எப்படிச் சொல்வது?

அணைகளில் வண்டலை அளக்க இன்று படகின் அடியில் ஒரு கருவியைப் பொருத்துகிறார்கள். மீனவர்கள் எக்கோ சவுண்டர் என்று சொல்லும் எதிரொலி ஆழமானி. அது கீழ்நோக்கி ஒரு சிறு ஒலித்துடிப்பை அனுப்பும். தரையில் பட்டுத் திரும்பும் ஒலிக்குக் காத்திருக்கும். தண்ணீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் ஓடுகிறது, காற்றில் ஓடுவதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். 105 அடி என்பது 32 மீட்டர். போய்வர 64 மீட்டர். ஒரு விநாடியை இருபத்து மூன்றாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கு நேரத்தில் பதில் வந்துவிடும். அந்த நேரத்தைப் பிழையில்லாமல் அளந்தால் ஆழம் கையில் இருக்கிறது.

இதே கேள்வியை வங்கக்கடலின் நடுவிலோ இந்தியப் பெருங்கடலிலோ கேட்கும் கப்பல் ஒன்று சென்னையில் இருக்கிறது. பெயர் சாகர் நிதி. இத்தாலியில் கட்டப்பட்டு 2008-இல் சென்னைக்கு வந்தது. நீளம் 104 மீட்டர். பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் அதை இயக்குகிறது. கடலில் 4000 மீட்டர் ஆழம் சாதாரணம். அங்கே ஒலி போய்த் திரும்ப ஐந்தேகால் விநாடிக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். கடலடி வரைபடங்களில் நீலமும் பச்சையும் சிவப்புமாகத் தெரியும் மலைகளும் பள்ளத்தாக்குகளும் எந்தக் கண்ணும் பார்த்து வரைந்தவை அல்ல. ஒவ்வொரு புள்ளியும் ஒரு காத்திருப்பின் கணக்கு.

ஏன் ஒலி? வேறு வழி இல்லை. சூரிய ஒளி 200 மீட்டரிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. ரேடியோ அலைகளை உப்புநீர் விழுங்கிவிடும். அதனால்தான் நிலவையும் செவ்வாயையும் மேலிருந்து ரேடாராலும் லேசராலும் அளந்த மனிதனால் கடலடியை அதே வழியில் அளக்க முடியவில்லை.

ஒலி வருவதற்கு முன்னால் கயிறுதான். நம் கடற்கரையில் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள். இரண்டு கைகளையும் அகல விரித்த நீளம், சுமார் ஆறடி. ஆங்கிலேயர்களும் ஏறக்குறைய அதே அளவில்தான் அளந்தார்கள். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சாலஞ்சர் கப்பல், கயிற்றில் எடையைக் கட்டி இறக்கி ஆழம் பார்த்தது. ஆழ்கடலில் ஒருமுறை இறக்கி ஏற்றச் சில மணி நேரம் ஆகும். மூன்றரை ஆண்டுப் பயணத்தில் அவர்களால் ஐந்நூறுக்கும் குறைவான இடங்களில்தான் ஆழம் பார்க்க முடிந்தது. அந்தக் கயிற்றை வைத்துக்கொண்டே 1875-இல் மரியானா அகழியில் 8 கிலோமீட்டருக்கும் மேல் அளந்துவிட்டார்கள் என்பது இன்றும் மலைக்க வைக்கிறது. பிறகு எதிரொலி வந்தது. 1925 முதல் 1927 வரை தென் அட்லாண்டிக்கைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்த ஜெர்மானியக் கப்பல் மீட்டியோர் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் ஆழம் பார்த்தது.

ஆனால் எதிரொலியில் ஒரு சங்கடம் உண்டு. ஒலி போகப் போக விரியும். பழைய ஆழமானியின் ஒலி 30 பாகை அளவுக்கு விரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 4000 மீட்டர் கீழே போய்ச் சேரும்போது அது இரண்டு கிலோமீட்டர் அகலமுள்ள வட்டத்தின்மேல் படும். அந்த வட்டத்துக்குள் ஒரு குன்றும் பக்கத்தில் ஒரு பள்ளமும் இருந்தால்? குன்றின் உச்சியிலிருந்து பதில் முதலில் வந்துவிடும். பள்ளம் இருந்ததே தெரியாது. இரண்டு கிலோமீட்டருக்கு ஒரே எண்.

ஒலியைக் குறுக்க வேண்டும். அதற்கு இயற்கை ஒரு விலை கேட்கிறது: ஒலியை அனுப்பும் கருவி, அந்த ஒலியின் அலைநீளத்தைப்போல் பல மடங்கு நீளமாக இருக்க வேண்டும். ஆழ்கடல் ஒலிமானிகள் விநாடிக்கு 12,000 அதிர்வு கொண்ட ஒலியைப் பயன்படுத்துகின்றன. தண்ணீரில் அதன் அலைநீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். ஒரே ஒரு பாகை அளவுக்கு ஒலியைக் குறுக்க வேண்டுமானால், மின்சாரம் பாய்ந்தால் அதிரும் பீங்கான் துண்டுகளை வரிசையாக அடுக்கி ஏறத்தாழ எட்டு மீட்டர் நீளத்துக்குக் கப்பலின் அடிவயிற்றில் பதிக்க வேண்டும். பெரிய கப்பல்களுக்கு மட்டுமே ஆழ்கடல் வேலை வாய்ப்பதற்கு இது ஒரு காரணம்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த உத்தி வருகிறது. எட்டு மீட்டர் வரிசையைக் கப்பலின் நீளவாக்கில் பதித்தால், அது அனுப்பும் ஒலி முன்பின்னாக மிகக் குறுகியும் இடம் வலமாக மிக அகலமாகவும் விரியும். கடலடியில் ஒரு மெல்லிய நீண்ட பட்டை மட்டும் ஒலியில் நனையும். இப்போது கேட்பதற்கு இன்னொரு வரிசையைக் கப்பலின் குறுக்குவாக்கில் பதிக்கிறார்கள். அது கேட்பது நேர்மாறு: இடம் வலமாகக் குறுகல், முன்பின்னாக அகலம். அனுப்பிய பட்டையும் கேட்கும் பட்டையும் வெட்டிக்கொள்ளும் சிறு சதுரத்திலிருந்து வரும் பதில்தான் கணக்கில் சேரும். 4000 மீட்டர் ஆழத்தில் அந்தச் சதுரத்தின் பக்கம் சுமார் 70 மீட்டர். இரண்டு கிலோமீட்டர் 70 மீட்டராகச் சுருங்கிவிட்டது.

கேட்கும் வரிசை எந்தப் பக்கம் கேட்பது என்பதை எப்படித் தீர்மானிக்கிறது? எதுவும் திரும்புவதில்லை, சுழல்வதில்லை. வலப்பக்கத்திலிருந்து சரிவாக வரும் எதிரொலி, வரிசையின் வலக்கோடியிலுள்ள பீங்கானை முதலில் தொடும். அடுத்ததை ஒரு நுண்பொழுது கழித்து. அதற்கடுத்ததை இன்னொரு நுண்பொழுது கழித்து. பீங்கான்களுக்கு இடையே ஆறு சென்டிமீட்டர் இடைவெளி, ஒலி 30 பாகை சரிவில் வருகிறது என்றால், அந்தத் தாமதம் விநாடியில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. கணினி ஒவ்வொரு பீங்கானும் கேட்டதை அந்தந்தத் தாமதத்துக்கு ஏற்ப நகர்த்திக் கூட்டுகிறது. அந்தத் திசையிலிருந்து வந்த ஒலி மட்டும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி ஓங்கும். மற்றவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதே பதிவை வேறு தாமதங்களுடன் கூட்டினால் வேறு திசை. இப்படி ஒரே சமயத்தில் நானூறுக்கும் மேற்பட்ட திசைகளில் காதுகொடுக்கலாம். இதற்குப் பல்கற்றை ஒலிமானி என்று பெயர். கற்றை என்பது இங்கே ஒரு திசையில் குறுக்கப்பட்ட ஒலி.

இந்த உத்தியைப் பார்க்க நமக்குக் கடல்வரை போக வேண்டியதில்லை. உதகமண்டலம் முத்தோரையில், மலைச்சரிவில் வடக்கு தெற்காக 530 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ரேடியோ தொலைநோக்கி 1970-இல் அமைந்தது. கோவிந்த் ஸ்வரூப் வடிவமைத்தது. அதன் நெடுகிலும் 1056 சிற்றுணர்கொம்புகள் வரிசையாக உள்ளன. வடக்கு தெற்காக அது பார்வையை நகர்த்துவது, கம்பிகளில் வரும் சமிக்ஞைகளின் கட்டத்தை, அதாவது அலைகள் முன்பின்னாக வந்துசேரும் ஒழுங்கை, மாற்றித்தான். நீலகிரியில் வான்வெளியைக் கேட்பதும் கப்பலடியில் கடலடியைக் கேட்பதும் ஒரே கணிதம். இன்னும் நெருங்கிய உறவும் உண்டு. இரண்டு வரிசைகளைக் குறுக்காக வைக்கும் அமைப்பை 1950-களில் சிட்னிக்கு அருகே பெர்னார்ட் மில்ஸ் என்ற ரேடியோ வானியலாளர்தான் கட்டினார். ஒலிமானிப் பொறியாளர்கள் அதை இன்றும் மில்ஸ் சிலுவை என்றே அழைக்கிறார்கள்.

சரி, கருவி தயார். ஆனால் கப்பல் ஆடுகிறதே? பட்டையின் ஓரம் கப்பலிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்றால், கப்பல் ஒரே ஒரு பாகை சாய்ந்தாலும் அங்கே ஆழம் நூறு மீட்டர் பிசகும். இல்லாத மலை முளைக்கும். இருக்கும் மலை மறையும். அதனால் கப்பலின் நடுவே ஒரு அசைவுணரி உட்கார்ந்திருக்கிறது. சாய்வு, முன்பின் ஆட்டம், மேலும் கீழுமான எழுச்சி ஆகியவற்றை விநாடிக்குப் பலமுறை அது அளந்து சொல்கிறது. ஒலிமானி அந்த எண்களை வாங்கிக் கற்றைகளை எதிர்ப்பக்கம் சாய்த்துக்கொள்கிறது. ஓரத்து எதிரொலி திரும்ப ஒன்பது, பத்து விநாடி ஆகும். அதற்குள் கப்பல் ஐம்பது மீட்டர் முன்னால் போயிருக்கும். வேறு அலைமேல் வேறு கோணத்தில் சாய்ந்திருக்கும். அனுப்பிய கணத்தின் நிலையும் கேட்ட கணத்தின் நிலையும் தனித்தனியே கணக்கில் ஏறுகின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் மிச்சமிருக்கும் பெரிய சிக்கல் தண்ணீர்தான். ஒலி விநாடிக்கு 1500 மீட்டர் ஓடுகிறது என்று மேலே சொன்னது ஒரு சராசரி. வெப்பம் கூடினால் ஒலி விரையும். உப்பு கூடினால் விரையும். அழுத்தம் கூடினாலும் விரையும். நம் கடலில் மேற்பரப்பு 29 பாகை சூடு. அங்கே வேகம் 1540 மீட்டருக்குக் கிட்ட. கீழே போகப் போகக் குளிர்ந்து, ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் வேகம் 1490-களுக்கு இறங்கிவிடும். அதற்கும் கீழே குளிர் அதிகம் மாறாது. ஆனால் அழுத்தம் ஏறிக்கொண்டே போவதால் வேகம் மறுபடி கூடும். வேகம் மாறும் இடங்களில் ஒலி நேராகப் போகாது, வளையும். வாய்க்காலில் ஊன்றிய கழி நீர்மட்டத்தில் முறிந்ததுபோல் தெரிகிறதே, அதே காரணம்தான். நேர்கீழே போகும் கற்றைக்கு இதனால் பெரிய பாதிப்பில்லை. ஓரக் கற்றைகள் வளைந்து வேறிடத்தில் போய் முட்டும். திருத்தாமல் விட்டால், தட்டையான கடலடி இரண்டு ஓரமும் மேலே வளைந்தோ கீழே தொங்கியோ வரைபடத்தில் வரும். இந்தத் துறையில் இருப்பவர்கள் முதலாவதைச் சிரிப்பு என்றும் இரண்டாவதை முகச்சுளிப்பு என்றும் சொல்கிறார்கள்.

திருத்துவதற்குச் சிறந்த வழி, கப்பலை நிறுத்தி வெப்பமும் உப்பும் ஆழமும் அளக்கும் கருவியைக் கம்பிவடத்தில் அடிவரை இறக்கி, அந்த இடத்து நீரின் அடுக்குகளைப் பதிந்துகொள்வது. நேரமில்லாதபோது ஓடும் கப்பலிலிருந்தே ஒரு சிறு வெப்பமானியை வீசுவார்கள். மயிரிழை போன்ற செம்புக் கம்பியை விட்டுக்கொண்டே அது மூழ்கும். கம்பி அறும்வரை வெப்பநிலையை மேலே அனுப்பும். வங்கக்கடலில் இந்த வேலை இன்னும் நுணுக்கமானது. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொட்டும் நன்னீர், மழைக்காலம் முடிந்தபின் வடக்கு வங்கக்கடலில் உப்புக் குறைந்த ஒரு மேலடுக்காகப் படர்ந்து நிற்கும். நேற்றைய திருத்தம் இன்றைக்குப் பொருந்தாமல் போகலாம்.

தண்ணீர் ஒலியை வளைப்பதோடு விடுவதில்லை, தின்னவும் செய்கிறது. கடல்நீர் நன்னீரைவிடப் பல மடங்கு ஒலியை உறிஞ்சுவதைக் கண்டு ஒரு காலத்தில் ஆய்வாளர்கள் குழம்பினார்கள். காரணமாக அகப்பட்டது மெக்னீசியம் சல்பேட். பருத்தி இலை சிவக்கும்போது நம் விவசாயிகள் உரக்கடையில் வாங்கித் தெளிக்கும் அதே உப்பு. கடல்நீரில் மெக்னீசியமும் சல்பேட்டும் சோடி சேர்வதும் பிரிவதுமாக இருக்கின்றன. ஒலி அழுத்தும்போது சோடிகளின் அமைப்பு சற்று மாறும். அழுத்தம் நீங்கும்போது சற்றுத் தாமதமாகப் பழைய நிலைக்குத் திரும்பும். அந்தத் தாமதத்தில் ஒலியின் ஆற்றல் கொஞ்சம் வெப்பமாகக் கரைந்துவிடுகிறது. அதிர்வு கூடக்கூட இந்த இழப்பும் ஏறும். அணைக்கட்டில் பயன்படும் இரண்டு லட்சம் அதிர்வு ஒலியைக் கடலில் விட்டால், ஒரே கிலோமீட்டரில் கிட்டத்தட்ட லட்சத்தில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். 12,000 அதிர்வு ஒலியோ கிலோமீட்டருக்குச் சுமார் ஐந்தில் ஒரு பங்கைத்தான் இழக்கிறது. ஆழ்கடலுக்கு அதைத் தேர்ந்தெடுத்ததற்கும், அதற்காக எட்டு மீட்டர் நீளத்தைச் சுமப்பதற்கும் இதுவே காரணம். அந்த ஒலி மனிதக் காதுக்கும் கேட்கும். படுக்கை அறையில் கண்ணயர முயலும் மாலுமிக்கு, சில விநாடிக்கு ஒருமுறை கீச்சென்று ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இத்தனைக்கும் கிடைக்கும் பலன் என்ன? 4000 மீட்டர் ஆழத்தில், மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கப்பல் 12 கிலோமீட்டர் அகலப் பட்டையை வரைந்துகொண்டே போகிறது. ஒரு பகலும் இரவும் ஓடினால் 5000 சதுர கிலோமீட்டருக்கு மேல். அந்தியூர் மலை முதல் கொடுமுடி வரை ஈரோடு மாவட்டம் முழுவதற்கும் நெருங்கிய பரப்பு, ஒரே நாளில்! ஆழம் பார்த்த புள்ளிகள் முப்பது லட்சத்தைத் தாண்டும். சாலஞ்சரின் மூன்றரை ஆண்டு உழைப்பை இந்தக் கப்பல் இரண்டு கீச்சொலியில் கடந்துவிடுகிறது.

நம் கடலில் இப்படி வெளிப்பட்டவை ஏராளம். ஒற்றை எதிரொலிக் காலத்திலேயே, 1960-களில், இந்தியக் கடற்படையின் கிஸ்ட்னா கப்பல் கடலூருக்கும் பாலாற்று முகத்துக்கும் இடையே கடலடியில் செங்குத்தாக வெட்டிய பள்ளத்தாக்குகளைக் கண்டது. புதுச்சேரிக் கடற்கரையில் அலையில் கால் நனைக்கிறவர்களுக்கு எதிரே, தண்ணீருக்குள், அப்படியொரு பிளவு இருக்கிறது. பின்னர் சாகர் கன்யா என்ற ஆய்வுக் கப்பலில் 59 கற்றைகள் கொண்ட ஒலிமானி பொருத்தப்பட்டது. அந்தக் கப்பல் 1992-இல் கண்ட கடலடி மலை ஒன்றுக்குக் கடலியலாளர் என்.கே. பணிக்கரின் பெயர் வைக்கப்பட்டது. திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமனின் பெயரிலும் கடலடியில் ஒரு மலைத்தொடர் உண்டு. நிலத்தில் எந்த மலைக்கும் இவ்வளவு பொருத்தமான பெயர் அமையவில்லை என்பேன். கடல் ஏன் நீலம் என்று கேட்டவர் அவர்.

எதிரொலி வந்த நேரம் ஆழத்தைச் சொல்கிறது. வந்த வலிமை தரையின் தன்மையைச் சொல்கிறது. மென்சேறு ஒலியை உள்வாங்கிக்கொண்டு மெல்லப் பேசும். பாறை உரக்கப் பதில் சொல்லும். கன்னியாகுமரிக்குத் தெற்கே 2000 கிலோமீட்டருக்கும் அப்பால், 5000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் உலோக முண்டுகளை ஆராயும் உரிமை இந்தியாவுக்கு இருக்கிறது. மாங்கனீசும் நிக்கலும் செம்பும் கோபால்ட்டும் செறிந்த, உருளைக்கிழங்கு அளவிலான கட்டிகள் அவை; பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வளர்கின்றன. அவை அடர்ந்து கிடக்கும் சேற்றுத் தரை, வெறும் சேற்றைவிட வலுவாக எதிரொலிக்கும். கண்ணில் காணாமலே களத்தைக் கணிக்க இது உதவுகிறது.

எண்களை வைத்துக்கொண்டு மட்டும் என்ன செய்ய முடியும் என்பதற்கு மேரி தார்ப்பைத்தான் சொல்ல வேண்டும். பெண்களைக் கப்பலில் ஏற்றாத 1950-களில், நியூயார்க் அருகே ஒரு மேசையில் உட்கார்ந்து, சகாக்கள் கொண்டுவந்த எதிரொலி எண்களை மையால் தாளில் ஏற்றினார். அட்லாண்டிக்கின் நடுவே ஓடும் மலைத்தொடரின் உச்சியில் நீண்ட பிளவு ஒன்று இருப்பதை அந்தத் தாளில் முதலில் கண்டவர் அவர்தான். உடன் பணிபுரிந்த புரூஸ் ஹீசன் முதலில் ஏற்கவில்லை. கண்டங்கள் நகர்கின்றன என்பதற்கு வலுவான சான்றுகளில் ஒன்றாக அந்தப் பிளவு பிறகு நின்றது.

அப்படியானால் கடலடி முழுவதும் வரைந்தாயிற்றா? 2025 ஜூன் நிலவரப்படி உலகக் கடலடியில் 27.3 சதவீதம்தான் இப்படி அளக்கப்பட்டிருக்கிறது. மீதிக்கு நம்மிடம் இருப்பது செயற்கைக்கோள் தரும் மங்கலான குறிப்பு. கடலடியில் மலை இருந்தால் அதன் ஈர்ப்பு தண்ணீரைத் தன்பக்கம் இழுக்கும். மேலே கடல்மட்டம் ஓரிரு மீட்டர் புடைக்கும். அந்தப் புடைப்பைச் செயற்கைக்கோள் அளக்கிறது. ஈர்ப்பு குறைந்தால் மட்டம் தாழும். உலகிலேயே மிகப் பெரிய தாழ்வு இலங்கைக்குத் தெற்கே இருக்கிறது. சராசரி மட்டத்துக்கு 106 மீட்டர் கீழே. கப்பலில் போகிறவருக்கு அந்தப் பள்ளம் தெரியாது, அவ்வளவு அகலம். ஆனால் செயற்கைக்கோளுக்குச் சில கிலோமீட்டருக்குக் குறைவான எதுவும் தெளிவாகத் தெரியாது. 2014-இல் காணாமல்போன மலேசிய விமானத்தைத் தேடத் தெற்கு இந்தியப் பெருங்கடலுக்குப் போனவர்கள், தேடும் கருவியைக் கடலடிக்கு அருகில் இறக்குமுன் அந்த இடத்தின் வரைபடத்தையே முதலில் ஒலிமானியால் தயாரிக்க வேண்டியிருந்தது.

எனக்குக் கவலை தருவது நடுக்கடல் அல்ல, கரையோரம். சுனாமி அலையின் வேகத்தைத் தீர்மானிப்பது கிட்டத்தட்ட ஆழம் ஒன்றுதான். 4000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர். 50 மீட்டர் ஆழத்தில் 80 கிலோமீட்டர். 2004 டிசம்பர் 26 காலை ஆறரைக்குச் சுமத்ராவில் நிலம் அதிர்ந்தது; சுமார் இரண்டரை மணி நேரத்தில் அலை நம் கரையில். ஒலிமானி நேரத்தை ஆழமாக மாற்றுகிறது. ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையம் அந்த ஆழத்தைத் திரும்பவும் நேரமாக மாற்றுகிறது: நாகப்பட்டினத்துக்கு எத்தனை நிமிடம், கடலூருக்கு எத்தனை நிமிடம் என்று. அலை எங்கே குவியும், எவ்வளவு உயரும் என்பது கரைக்கு முந்தைய கடைசிச் சில கிலோமீட்டர் கடலடியின் வளைவு நெளிவைப் பொறுத்தது. வரைவதற்கு நேரம் பிடிப்பதும் அந்தப் பகுதிதான். பட்டையின் அகலம் ஆழத்தைப் பொறுத்தது அல்லவா? 4000 மீட்டரில் 12 கிலோமீட்டர் அகலம் வரைந்த முறை, 50 மீட்டர் ஆழத்தில் நூற்றைம்பது மீட்டர்தான் வரையும். பெரிய கப்பல் அங்கே வரவும் முடியாது. சிறு படகுகள் வயல் உழுவதைப்போல் போய்ப்போய் வர வேண்டும். கரையோரக் கப்பல்களும் படகுகளும் தம் ஆழமானி காட்டும் எண்களை இடக்குறிப்போடு சேர்த்து அனுப்பினால் வரைபடத்தில் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாட்டைப் பன்னாட்டு நீரளவை அமைப்பு நடத்திவருகிறது. நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் விசைப்படகு ஓட்டுகிறவர்களின் கையருகே அந்த எண் தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது.